"அவர் இல்லை" என்று சொன்னதில் வந்த வினை

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொண்டது. நானும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? வீட்டில் அண்ணனையும் கேட்டதாகச் சொல்லவும்.

அவசரமாக ஒரு காகிதம் வேண்டும். போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவள், சுருக்கிச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊருக்கு வந்து ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்த கையோடு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கக் கிளம்பினேன். காசு கட்டிப் படிக்க வைக்க நம்மால் ஆகாது, அரசாங்கப் பள்ளிதான், அதுவும் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டுத் தரகர், பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கு, மணி அடித்தால் கேட்கும் என்றார். கேட்கிறது, பொய் இல்லை. நடுவில் ரயில் பாதை இருப்பதைத்தான் சொல்ல மறந்துவிட்டார். சுற்றிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். அடுத்த பள்ளியில், எங்கள் தெருவில் இடது கைப்பக்க வீடுகளுக்குத்தான் இடம் என்றார்கள். நாங்கள் வலது கை. எதிர்வீட்டில் போய், ஒரு அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வலது கைக்கு உள்ளது மூன்றாவது பள்ளி. உங்கள் தம்பி எத்தனை பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடித்தவர். பிள்ளைகளின் தோள் உயரத்துக்குச் சுவர் அழுக்காக இருந்தால் ஓடியாட விடுகிறார்கள், பளிச்சென்று இருந்தால் அடிக்கிறார்கள் என்று அர்த்தம் என்பார். அதனால் நான் சுவரையே பார்த்துக்கொண்டு உள்ளே போனேன். காவலாளி என்னைப் புதிதாக வரவேண்டிய கூட்டுகிற அம்மா என்று நினைத்து, இத்தனை மணிக்கா வருவது என்று திட்டி, விளக்குமாற்றைக் கையில் கொடுத்துவிட்டார். நானும் இரண்டு வகுப்பைக் கூட்டிவிட்டேன் அண்ணி. சும்மா வந்தேன் என்றால் உள்ளே விடுவாரா? தோள் உயரத்துக்கு நல்ல அழுக்கு. இதுதான் நம் பள்ளி என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மறுநாள் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு பிள்ளையோடு போனேன். மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு இடம் பாக்கி. ஆபீசில் எழுதுகிற அம்மாள், அப்பா கையெழுத்து வேண்டும் என்றாள்.

"அவர் இல்லைங்க."

அவள் தலையே நிமிரவில்லை. "எப்ப வருவாரு?"

யார் மேல் தப்பு சொல்ல? இல்லை என்றால் வீட்டில் இல்லை என்றும் ஆகும். இந்த எட்டு மாதமாக எல்லாரும் எப்போது போனார், எப்படிப் போனார் என்றுதான் கேட்கிறார்கள். எப்போது வருவார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என் வாய் தானாக, "அடுத்த வாரம் வந்துடுவாருங்க, வெளியூர்ல வேலை" என்றது. சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது அண்ணி, அதையும் உங்களிடம் மறைப்பானேன்.

வினை அதோடு நிற்கவில்லை. என்ன வேலை என்றார் பெரிய டீச்சர். பெயிண்டர் என்றேன். ஒன்றாம் வகுப்புச் சுவர் உரிந்து கிடக்கிறது, வந்ததும் ஒரு எட்டுப் பார்க்கச் சொல்லம்மா என்று கூட்டிப்போய்க் காட்டினார். ஈரம் ஏறிய சுவர். நன்றாகக் காயவிட்டுத்தான் அடிப்பார் என்றேன். இருந்தபோது வேலை தேடி அலைந்தார், இப்போது வேலை அவரைத் தேடிக்கொண்டு இருக்கிறது. புதன்கிழமை வரைக்கும் இடத்தை வைத்திருப்பார்களாம்.

நம் வாயாடி அங்கே வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "டீச்சர் கேட்டா அப்பா எந்த ஊர்ல இருக்காருன்னு சொல்லணும்? ஒரு ஊர் பேர் சொல்லிக் குடும்மா" என்றாள்.

இனி இழுக்க முடியாது. அவர் போனதற்கு நகராட்சியில் கொடுத்த சான்றிதழைக் கொடுத்தால் என் கையெழுத்தே போதும். உங்கள் வீட்டில் விட்டுவந்த இரும்புப் பெட்டியில் துணிக்கு அடியில் பார்த்து உடனே அனுப்பவும்.

உங்கள் இருவருக்கும் என் வணக்கம். பிள்ளை அத்தைக்கு முத்தம் தரச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: பெட்டியைத் திறக்க வேண்டாம் அண்ணி. அந்தக் காகிதம் என் கைப்பையில்தான் இருக்கிறது. அந்த அம்மாள் கேட்ட அன்றைக்கும் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. புதன்கிழமை காலையில் கொடுத்துவிடுவேன், பிள்ளை இடத்தை விடமாட்டேன். அதுவரைக்கும் அந்த ஒரு ஆபீசில் மட்டும் உங்கள் தம்பி வெளியூர் போயிருக்கட்டும்.