துடுப்பில் ஒட்டிய தோல்

ஏழடித் துடுப்புக்குப் பஸ்ஸில் அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா? இன்றுவரை எனக்கு விடை தெரியாது. பாலாற்றில் தண்ணீர் வராததைத் தனக்கே செய்த துரோகமாக எடுத்துக்கொண்டவர் உலகத்தில் ஒருவர்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாங்கள் அவரைத் துடுப்பக்கா என்போம்.

வாரம் முழுக்க என் பக்கத்து மேஜையில் ஷூ பரிசோதிப்பார். ஞாயிறானால் காவேரிப்பாக்கம் ஏரியில் கயாக் ஓட்டுவார். ஒரே ஆள் உட்காரும் ஒல்லிப் படகு அது. படகு கரையிலுள்ள கொட்டகையில் கிடக்கும். இரண்டு முனையிலும் அலகு வைத்த கார்பன் துடுப்பு மட்டும் அவரோடு கேன்டீனுக்குக்கூட வரும்.

ஒருமுறை நானும் துணைக்குப் போனேன். மூன்று பேர் மடியில் துடுப்பைக் கிடத்தினார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார்.

"உங்க பையை விட வெயிட் கம்மிண்ணா."

"வெயிட்டுக்கு இல்லம்மா, நீளத்துக்கு."

அரை டிக்கெட் கிழித்தார். வாலாஜாவில் ஏறிய பரிசோதகர் முழு டிக்கெட் எங்கே என்றார்.

அந்த வருடம் மாநில அணிக்கு இரண்டே பேரைத்தான் எடுப்பதாக இருந்தார்கள். அக்காவுக்கு அதற்கு முன் மூன்று முறை கிடைக்கவில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். எங்கள் ஊரில் எந்தக் கஷ்டத்துக்கும் மருந்து தோல்தான். தையல் பிரிவுப் பெண்கள் மிருதுவான ஆட்டுத்தோலாகப் பார்த்து வெட்டினார்கள். துடுப்பின் பிடியில் அதை நான் ஒட்டினேன். கழன்றுவிடுமோ என்ற பயத்தில், ஷூவுக்கு அடி ஒட்டும் பசையை இரண்டு பூச்சு பூசி, மூன்று முறை சரிபார்த்தேன்.

அதே ஏரியில் நடந்த தேர்வுப் போட்டியில் பாதித் தூரம்வரை அக்காதான் முன்னால். பிறகு கை தடுமாறியது. மூன்றாவதாக வந்தார்.

"வீச்சுக்கு வீச்சு கழி கைக்குள்ள சுத்தணும்மா. நனைஞ்ச தோலு விடுமா? எவன் ஒட்டுனான் இதை?" என்றார் பக்கத்தில் நின்ற பயிற்சியாளர். நான் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையேறிய அக்கா, "காத்து ஜாஸ்திடி" என்றார். தையல் பெண்களிடமும் அதையே சொன்னார். தோலை எடுக்கவில்லை. மறு வருடம் அதே தோலோடு முதலாவதாக வந்து தொலைத்தார். அதனால் என் குற்றம் குற்றம்தானா என்பதும் சந்தேகமாகிவிட்டது.

போன வாரம் என் குழந்தையைப் பார்க்க வந்தார், துடுப்போடு. கதவில் இடித்துவிடாமல் குழந்தையைவிடப் பத்திரமாக அதை உள்ளே கொண்டுவந்தார். இப்போது ஆறு பெண்களுக்குப் பயிற்சி தருகிறாராம். அடுத்த மாதம் அவர்களுக்குத் தேர்வு.

"பாவம்டி, கையெல்லாம் கொப்புளம். ஆறு துடுப்புக்கும் தோல் ஒட்டிக் குடு. உன் கையால ஒட்டுனாத்தான் எனக்கு நிம்மதி."

சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அந்தப் பெண்களை நினைத்தால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால், இத்தனை வருடம் அக்கா நம்பியிருக்கும் அந்தக் காற்றை நானே பிடுங்கிக்கொண்டதாகிவிடுமோ? ஒருவேளை எல்லாம் தெரிந்துதான் எனக்காகக் காற்றின்மேல் பழி போட்டாரோ? தோல் வாங்கி வைத்துவிட்டேன், பசையை இன்னும் திறக்கவில்லை. அக்கா மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.