தட்டு மாறாததற்குப் பல்லவர் காரணமல்ல

மணலூர்பேட்டை உயர்திரு கொளஞ்சியப்பன் அவர்களுக்கு, நைனார்பாளையம் பொன்னுரங்கம் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் மாடுகளும் கரும்பும் மட்டும்தான் நலம். உங்களைச் சம்பந்தி என்று விளிக்க ஆசை. தட்டு மாறாமல் எந்த உரிமையில் விளிப்பது?

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்தில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டே இக்கடிதம். என் மனைவி ஜெயம்மாள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டிருக்கிறாள். நடந்தது இவ்வளவுதானே? தேங்காய், பூ, பழம், புடவை வைத்த தட்டை நான் நீட்டினேன், நீங்களும் பிடித்தீர்கள், நான் சும்மா பேச்சுக்கு, மாப்பிள்ளை அறிவுச்செல்வனைப் பார்த்தால் மகேந்திரவர்மப் பல்லவன் சாடை தெரிகிறது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அதற்கு நீங்கள், "பல்லவனுங்கல்லாம் ஒத்திகை பாத்தவனுங்க. நாடகமே சோழன் காலந்தானுங்க" என்றீர்கள். அறுபது பேர் முன்னால்! செங்கல் இல்லை, மரம் இல்லை, சுண்ணாம்பு இல்லை, மண்டகப்பட்டில் வெறும் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த மனுஷனா ஒத்திகை பார்த்தவன்? தட்டைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். நீங்களும் விடவில்லையே! "ராசராசனோட அம்மாவே நம்ம திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பொண்ணுங்க. அந்த வகையில சோழன் எங்களுக்கு மாமன் மச்சான்" என்று நீங்கள் இழுக்க, வாதாபியைப் பிடித்தவன் யார் என்று நான் இழுக்க, கடாரத்துக்குக் கப்பல் விட்டவன் யார் என்று நீங்கள் இழுக்க, தேங்காய் உருண்டு போய் ஐயர் காலடியில் நின்றது. அவர் செல்போனில் மணி பார்த்து, "பத்தரை ஆயிடுச்சி, ராகு காலம்" என்றார். உங்கள் வேன் கிளம்பிவிட்டது. போட்ட இலை போட்டபடி கிடந்தது. அந்தக் கேசரியை நேற்று வரைக்கும் நாங்களே சாப்பிட்டோம்.

அன்றிலிருந்து என் மகள் தேவதர்ஷினி என்னோடு பேசுவதில்லை. உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டால் எனக்கு மனசு தாங்கவில்லை. ஜெயம்மாளுக்கோ கோபம் எங்கெங்கோ போகிறது. "கண்ணாலம் ஆன மறுநாளே என்ன இட்டுக்கினு போயி ஒரு பாறையக் காட்டின ஆளாச்சே நீ! அன்னிக்கே எங்கப்பன் வூட்டுக்குப் போயிருக்கணும். இன்னாய்யா பண்ணான் அந்தப் பல்லவன், உம் பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துக் குடுத்தானா?" என்கிறாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறேன்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். இந்த ஊரில் நான் பல்லவர் என்று ஆரம்பித்தாலே டீக்கடை காலியாகிவிடும். கரும்பு வெட்ட வந்தவர்களிடம் சொன்னால் டிராக்டரை ஸ்டார்ட் பண்ணிவிடுகிறார்கள். வரப்பில் தனியாக உட்கார்ந்து, மகேந்திரவர்மன் மட்டும் இந்தப் பக்கம் வந்திருந்தால் உன்னிடம் ஒரு பாறையை மிச்சம் வைத்திருப்பானா என்று கல்வராயன் மலையிடமே கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் நான். முப்பது வருஷத்தில் எனக்குத் திருப்பிப் பதில் சொன்ன முதல் மனிதர் நீங்கள்தான். அந்தச் சந்தோஷத்தில்தான் தட்டை விட மனசு வரவில்லை.

ஆகவே, என் பெண்ணுக்காக என் கைப்பட எழுதித் தருகிறேன்: பல்லவர் காலம் ஒத்திகை. ஜெயம்மாள் 'தான்' சேர்க்கச் சொல்கிறாள். ஒத்திகைதான். வரும் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நல்ல நேரம். பெரிய மனசு பண்ணி வரவேண்டும். நான் வாயே திறக்கமாட்டேன். உங்கள் வீட்டு அம்மா செல்லியம்மாளுக்கு எங்கள் வணக்கமும், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதமும் சொல்லவும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன
பொன்னுரங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் மாப்பிள்ளையே பைக்கில் வந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். 'சோழனாவது ஒண்ணாவது, நமக்குப் பிள்ளைங்க சந்தோசந்தான் முக்கியம். பல்லவரே பெரியவங்க, ஒத்துக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே தாயும் மகளும் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் பகீர் என்றது. மூன்றே நாளில் ராஜராஜனைக் கைவிட்ட குடும்பத்தில் நான் எந்த நம்பிக்கையில் பெண்ணைக் கொடுப்பது? மேலே நான் ஒத்துக்கொண்டதை எல்லாம் அடித்ததாக வைத்துக்கொள்ளவும். புதன்கிழமை வந்து, சபையில் எல்லோர் முன்னாலும் ஒத்திகை, ஒத்திகை என்று நீங்கள் பழையபடி உரக்கச் சொன்னால்தான் தட்டைக் கொடுப்பேன். இந்தத் தடவை பந்தியை முதலிலேயே போட்டுவிடுகிறோம். புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டு மணிக்குத்தான். நமக்கு முழுசாக மூன்று மணி நேரம் இருக்கிறது, சம்பந்தி.