ஹார்லன் வண்டியின் நாலு அங்குலம்

கிரேட் பெண்ட், கேன்சஸ்
ஏப்ரல் 9

அன்புள்ள தம்பி டெல்பர்ட்டுக்கு, உன் அண்ணி வெர்லீன் எழுதிக்கொள்வது. நான் இருக்கிறேன், சுகம் என்று எழுதினால் பொய். ஓரிகானில் நீயும் ஜூனிஸும் சுகமாக இருக்கக் கர்த்தர் காக்கட்டும். அண்ணன் அடக்கத்துக்கு நீ அனுப்பிய பூ ஏழு வாரமாகியும் வாடவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றி வந்தேன். போன ஞாயிறு தூசி துடைக்கும்போதுதான் துணிப்பூ என்று தெரிந்தது. குறையாகச் சொல்லவில்லை.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். உன் அண்ணனுடைய 1951 செவ்ரோலெட் டிரக், லானி புரூவிட்டின் பட்டறையில் நிற்கிறது. கூரையை நாலு அங்குலம் வெட்டித் தாழ்த்த வேண்டும் என்று இவர்தான் கொண்டுபோய் விட்டார், பழைய வண்டிக்காரர்களுக்கு அதுதான் அழகாம். விட்ட மூன்றாம் நாள் மாரடைப்பு. இப்போது வெட்டவா வேண்டாமா என்று லானி என்னைக் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும். ஜூன் பதினாலு பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தின் ஊர்வலம். அந்த வருஷம் செத்தவருடைய வண்டிதான் முதலில் போகும், அது அவர்கள் வழக்கம். "அரைகுறை வண்டியை முன்னால விட்டா ஹார்லனுக்கு அழகா இருக்காது" என்று துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். ஒன்பதாயிரம் டாலராம். "ஏன் லானி, சலவைக் கடையில நான் பேன்ட்டை நாலு அங்குலம் குறைக்கப் பன்னிரண்டு டாலர்தானே வாங்குறேன்" என்றேன். "அக்கா, வெட்டுறது ஒரு நாள் வேலை. ஒட்டுறதுதான் ரெண்டு மாசம். கூரையைத் தாங்குற தூணெல்லாம் மேல போகப் போக உள்பக்கமா சாயுது. நடுவுல நாலு அங்குலத்தை எடுத்துட்டுக் கூரையை இறக்கினா மேல் துண்டும் கீழ் துண்டும் நேருக்கு நேர் வராது. அதனால கூரையைக் குறுக்கயும் நெடுக்கயும் அறுத்து, நடுவுல தகடு வச்சுப் பெருசாக்கணும்" என்றார். "குறைக்கிறதுக்கா பெருசாக்குறே?" "ஆமாக்கா." "அப்போ பெருசாக்கணும்னா குறைப்பியா?" லானி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கதவையும் வெட்டணுமாம், கண்ணாடியையும் வெட்டணுமாம். வெட்டும்போது முன் கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டால், கண்ணாடிதான் பொறுப்பு என்கிறார்.

இன்னொன்று கேள். வெட்டுவதற்கு முன்னால் ஓட்டுகிறவரை உட்காரவைத்து, முன் கண்ணாடியின் மேல்பக்கம் நாலு அங்குல அட்டையை ஒட்டி, ரோடு தெரிகிறதா என்று பார்ப்பார்களாம். இவர் வந்து உட்காருவதாகச் சொன்ன வியாழக்கிழமைதான் அடக்கம். "நீங்களாவது உக்காருங்கக்கா" என்று லானி சொன்னார். உட்கார்ந்தேன். நான் ஐந்தடி, எனக்கு ரோடு முழுக்கத் தெரிந்தது. ஆறடி மூன்றங்குல மனுஷனுக்கு அட்டைதானே தெரியும்? "அவரு எப்படிப்பா ஓட்டியிருப்பாரு?" "தலையைச் சாய்ச்சுக்குவேன்னாருக்கா. நாங்க எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறோம்." அப்போதுதான் கவனித்தேன், லானியின் கழுத்து எப்போதுமே இடது பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

டெல்பர்ட், முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தேன். தன் தலை நுழையாத வண்டிக்கு இந்த மனுஷன் ஏன் ஆசைப்பட்டார் என்று ஒருநாளும் கேட்டு வைக்கவில்லை. அவர் பேசப் பேசச் சரி சரி என்று தலையாட்டினேன், அவ்வளவுதான். இப்போது பாத்திரம் கழுவும்போது கேட்கிறேன்.

அதனால் யோசித்து முடிவு பண்ணிவிட்டேன். வெட்ட வேண்டாம். ஊர்வலத்துக்கும் விட வேண்டாம். டிரெய்லர் எடுத்து வந்து வண்டியை முழுசாக நீயே கொண்டுபோ. தம்பியிடம் இருந்தால் அவரிடம் இருக்கிற மாதிரிதான். லானியிடம் நாளைக் காலையில் போய்ச் சொல்லிவிடுகிறேன். ஜூனிஸின் முழங்காலை விசாரித்ததாகச் சொல். உங்கள் வீட்டு வாசலில் கர்த்தருடைய கை எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி வெர்லீன் ஸ்டக்கி

பி.கு. இந்தக் கடிதம் ஒரு வாரமாக என் பையிலேயே கிடக்கிறது. டிரெய்லர் வேண்டாம். மறுநாள் காலையில் லானியிடம் வெட்டாதே என்று சொல்லத்தான் போனேன். "சரிக்கா" என்று வண்டியை வெளியே தள்ள ஆட்களைக் கூப்பிட்டார். யாராவது ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டுமே, என்னை ஏற்றிவிட்டார்கள். பட்டறை வாசல் வரை அவர்கள் தள்ளினார்கள், நான் ஓட்டினேன். வாசலில் பிரேக்கை மிதித்து, திரும்ப உள்ளே தள்ளுங்கள் என்றேன். "என்னாச்சுக்கா?" "வெட்டு." "வெட்டினா யாருக்கா ஓட்டுறது?" "நான்தான். எனக்குத்தான் சாய வேண்டாமே." மத்தியானத்துக்குள் கூரை தரையில் கிடந்தது. இனி நானே வேண்டாம் என்றாலும் நடக்காது. பணத்துக்கு மீன்பிடிப் படகை விற்றுவிட்டேன். அதில் பாதி உன்னுடையது என்று தெரியும், மன்னித்துக்கொள். ஊர்வலத்தில் நான்தான் ஓட்டப்போகிறேன் என்று சங்கத்தில் யாரிடமும் சொல்லாதே. லானியின் மனைவி அவளுடைய பழைய வண்டியில் எனக்குக் கியர் போடச் சொல்லித்தருகிறாள். இரண்டு கியர் வந்துவிட்டது. மூன்றாவது தேவைப்படாதாம், ஊர்வலம் மெதுவாகத்தான் போகுமாம்.