மூன்றெழுத்தும் வெள்ளைப் பூவும்

எழுநூறு பக்கக் கையேடு ஒன்றை மூன்று வருடம் தினமும் பயன்படுத்தியவள் நான். ஒரு பக்கம்கூடப் படித்த ஞாபகம் இல்லை. லேப்டாப்பை உயர்த்தி வைக்க அதைவிடத் தோதான சாமான் எங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். (வீடியோ கூட்டங்களில் என் முகம் நேராகத் தெரிந்ததற்கு அந்தப் புத்தகமே முழுக் காரணம்.)

நான் மெயின்ஃபிரேம் சிஸ்டம்ஸ் புரோகிராமர். வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் ராட்சதக் கணினியை, தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது என் வேலை. இதை அப்பாவே ரொம்ப நாள் நம்பவில்லை. ஒப்பந்த வேலைதான். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அடுத்த வாரம் முடிவாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, ஞாயிறு காலை மெஷினை நிறுத்தி மறுபடி எழுப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்றைக்குச் சரஸ்வதி பூசை.

எட்டு மணிக்கு எழுப்பினேன். எழவில்லை. கறுப்புத் திரையில் மூன்றே மூன்று எழுத்து வந்து நின்றது. இதற்குக் காத்திருக்கும் நிலை என்று பெயர். மெஷின் சாகவில்லை, ஓடவும் இல்லை. எதைக் கேட்டாலும் பதில் வராது. அந்த மூன்றெழுத்தைச் சொல்லிவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்பது கையேட்டுக்குத்தான் தெரியும்.

அடுத்த நிமிடம் எங்கள் தோட்டத்தில் கரண்ட் போனது. வெளியே எதிர் லயத்தின் தகரம்கூடத் தெரியாத மூடுபனி. எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் சாமித்தட்டுக்கு எதிரே உள்ள ஜன்னல். போன் வழியாக இணையம் எடுக்க, லேப்டாப்பை அங்கே கொண்டுபோய் வைத்தேன். கொழும்பிலிருந்து மேலாளர் டில்ஷான், கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வாடிக்கையாளர்களான காப்புறுதி நிறுவனத்தார் பன்னிரண்டு பேர், எல்லாரும் சின்னச் சின்னச் சதுரங்களில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இணையத்தில் புதிய பதிப்புக்கு மட்டும்தான் விளக்கம் இருக்கிறது. நம்முடையது பழசு. பத்து மணிக்குள் எழுப்பியாக வேண்டும். உங்களிடம் அந்தப் புத்தகம் இருக்கிறதா?" என்று டில்ஷான் கேட்டார்.

"இருக்கு சார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, லேப்டாப் வழக்கமாக இருக்கும் மேசைக்கு ஓடினேன். அங்கே புத்தகம் இருந்த இடத்தில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது; காலையில் லேப்டாப் அதன் மேல் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

புத்தகம் சாமித்தட்டில், சரஸ்வதி படத்துக்குக் கீழே, சந்தனமும் பூவும் வைத்துக் கம்பீரமாக இருந்தது. பூசையில் வைத்த புத்தகத்தை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது.

"அம்மா, அது வேணும்."

"நாளைக்கு எடுத்துக்க."

"நாளைக்கு எனக்கு வேலையே இருக்காதும்மா!"

"வருசம் பூரா அது தலையில டப்பாவ ஏத்தி வச்சிருந்த. இன்னைக்கு ஒரு நாளு அதுக்கு மரியாத கெடச்சிருக்கு. அதுவும் ஒனக்குப் பொறுக்கலயா?"

அப்பாதான் நடுவே வந்தார். "சண்ட எதுக்கு? பூ கேட்டுப் பாப்போம். வெள்ளைன்னா உத்தரவு, செவப்புன்னா இல்ல."

அம்மா இரண்டு காகிதத்தில் இரண்டு பூவை மடித்தார். கற்பூரம் ஏற்றி மணி அடித்தார். ஜன்னல் வழியாக வந்த மூடுபனியும் கற்பூரப் புகையும் சேர்ந்து அறை முழுக்க நிறைந்தது. அப்போதுதான் சாமி படத்தின் கண்ணாடியைப் பார்த்தேன். சரஸ்வதியின் மடியில் அந்த மூன்றெழுத்து, இடம் வலம் மாறி, மங்கலாக மின்னிக்கொண்டிருந்தது. என் லேப்டாப் திரைதான் அதில் தெரிகிறது என்று புத்திக்குத் தெரியும். இருந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்பா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். சிவப்பு.

"சரியா குலுக்கல" என்றார் அப்பா. மறுபடி எடுத்தார். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது முறை வெள்ளை வந்தது. (அதில் அப்பாவின் விரல் நுனிக்குப் பங்கு உண்டா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.)

அம்மா புத்தகத்தை இறக்கி என் முன்னால் வைத்தார். நான் தொடுவதற்குள் அது தானாகத் திறந்துகொண்டது. பக்கத்தின் உச்சியில் அதே மூன்றெழுத்து. ஓரத்தில் பென்சிலால், தமிழில், யாரோ எழுதியிருந்தார்கள்: "முதலில் உன்னையே சந்தேகப்படு. கடைசியாக எதை மாற்றினாய்?"

சாமியோ பேயோதான் எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வியாழக்கிழமை, மெஷின் எழும்போது படிக்கும் தொடக்க அமைப்பில் ஒரு டிஸ்க்கின் பெயரை மாற்றியது ஞாபகம் வந்தது. பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஓர் எழுத்தைத் தவறாக அடித்திருந்தேன்.

"நான்தான்! நான்தான் பண்ணினேன்! என்னோட தப்புதான்!" என்று சாமித்தட்டைப் பார்த்துக் கும்பிட்டபடி அலறினேன். போதாததற்கு ஆங்கிலத்திலும் ஒரு தடவை. (சரஸ்வதிக்கு எல்லா மொழியும் தெரியும் என்பது அப்போது தோன்றவில்லை.)

புகைக்குள்ளிருந்து டில்ஷானின் குரல் மெதுவாக வந்தது. "சுகந்தி, மைக் திறந்திருக்கிறது. கேமராவும்."

திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு சதுரங்களிலும் வாய் பிளந்த முகங்கள். இருட்டறை, நெருப்பு, மணி, கண்ணை மூடிய ஒரு மனிதர், கடைசியில் அலறிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஊழியர் என்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள். எனக்கு அந்தப் பிஸ்கட் டின்னுக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

பழைய அமைப்பைக் கொடுத்து எழுப்பியதும், பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மெஷின் கண் விழித்தது. வாடிக்கையாளர்களில் மூத்த பெண்மணி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உங்கள் தாயார் எங்கள் மெஷினுக்கு என்ன செய்தார்?" வெள்ளைப் பூ, சிவப்புப் பூ கேட்ட கதையை அப்படியே சொல்லிவைத்தேன்.

இணைப்பைத் துண்டித்த பிறகு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பென்சில் வரியை உற்றுப் பார்த்தார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. இது ஒன் எழுத்துடி."

என் எழுத்தேதான். முதல் மாதப் பயிற்சி வகுப்பில் சொன்னதை எழுதி, அடையாளத்துக்கு மிட்டாய் சுற்றிய ஒரு டொபித்தாளையும் செருகியிருக்கிறேன். புத்தகம் அங்கே திறந்ததற்கு அந்தத் தாள்தான் காரணம். படித்த காலத்து நான், படிக்காத காலத்து எனக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கென்னவோ பேயாக இருந்திருந்தால் மானம் மிஞ்சியிருக்கும் என்று தோன்றியது.

நிரந்தரக் கடிதம் வந்தது. தவறை நானே எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்ட நேர்மையை டில்ஷான் பாராட்டியிருந்தார். (மைக் திறந்திருந்தது தெரிந்திருந்தால் அந்த நேர்மை வந்திருக்குமா என்பது எனக்குத்தான் தெரியும்.) இப்போது கையேட்டைத் தினமும் படிக்கிறேன். பிஸ்கட் டின்தான் லேப்டாப்பைத் தாங்குகிறது. வீட்டில் கறியில் உப்புக் கூடினாலும் அப்பா அம்மாவிடம், "கடைசியா எதை மாத்துன?" என்றுதான் கேட்கிறார்.

அந்த வெளிநாட்டுப் பெண்மணியோ, ஒவ்வொரு முறை மெஷினை நிறுத்தும் முன்னாலும், "வெள்ளையா, சிவப்பா?" என்று விசாரிப்பார். வேடிக்கைக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து, போன தடவை சும்மா "சிவப்பு" என்று சொல்லிவைத்தேன். வேலையை ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.