வானம் பார்த்த பயறு

படம் ஓடி ஆறு வருடமான சினிமா கொட்டகையில் மறுபடியும் கூட்டம் அலைமோதியது. இந்தத் தடவை திரையில் கதாநாயகன் இல்லை. மேடையில் ராக்கெட்டார் இருந்தார். உடம்பு முழுக்க வெள்ளி நிற உடுப்பு, கையில் ஒரு கண்ணாடி ஜாடி, முகத்தில் இப்போதுதான் விண்வெளியிலிருந்து இறங்கி வந்த களைப்பு. இறங்கியதை யார் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். கேட்டால் கதை இங்கேயே முடிந்துவிடும்.

ஜாடிக்குள் பயறு. சாதாரணப் பயறா? சேச்சே! ராக்கெட்டில் ஏறி, பூமியைப் பதினெட்டு தடவை சுற்றி, நட்சத்திரங்களின் சக்தியையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு வந்த பயறு. அதை முளைக்கவிட்டு, வளரும் கீரையை நாற்பது நாள் தின்றால் மூட்டுவலி போகும், வழுக்கையில் முடி வளரும், வலிப்பு நிற்கும், இழுத்தடிக்கும் வழக்கு ஜெயிக்கும். அப்படியானால் வக்கீல் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வக்கீலே மூன்றாவது வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"நான் சொல்றதை நம்பாதீங்க!" என்று முழங்கினார் ராக்கெட்டார். "சோதிச்சுப் பாருங்க!"

ஆசாமி கெட்டிக்காரர். ஆளுக்கு இரண்டு பொட்டலம் கொடுத்தார். செம்மண் பூசியது 'மண் விதை'. வெள்ளிப் பொடி பூசியது 'விண் விதை'.

"உங்க வீட்டுத் தட்டு, உங்க வீட்டுத் தண்ணி. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். எது முளைச்சிருக்குன்னு மூணாம் நாள் நீங்களே வந்து சொல்லுங்க."

மூன்றாம் நாள் ஊரே வந்து சொன்னது. விண் விதை வீட்டுக்கு வீடு முளைவிட்டிருந்தது; மண் விதை ஒன்றுகூட அசையவில்லை. "கண்ணால பாத்தாச்சு, இதுக்கு மேல என்னய்யா வேணும்?" என்றார்கள் படித்தவர்கள். படிக்காதவர்கள் அதற்குள் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

வரிசையில் முதல் ஆள், பின் தெருத் தையல்காரம்மா. இந்த அம்மாளின் பக்தியை என்னென்று சொல்வது! ராக்கெட்டாரின் வெள்ளி உடுப்பைத் தைத்ததே அவள்தான். கார் மூடுகிற துணியில், இடுப்பு நாற்பத்திரண்டு அங்குலம் என்று அளந்து, தன் கையாலேயே தைத்துக் கொடுத்தவள். "மேல போட்டுட்டுப் போன உடுப்பு வர்ற வழியில எரிஞ்சு போச்சாம். பாவம், அதான் மாத்து உடுப்பு கேட்டாரு" என்று அவளே அவருக்காகச் சமாதானமும் சொல்லுவாள்.

அவள் புருஷன் பெயிண்டர். வலிப்பு உள்ளவர். காலையும் இரவும் மாத்திரை போட்டதால் நாலு வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. "மண்ணுலக மாத்திரையும் விண்ணுலகக் கீரையும் ஒரே வயித்துல சேராதும்மா" என்று ராக்கெட்டார் சொன்னார். அன்றைக்கே மாத்திரை டப்பா பீரோவின் தலைக்கு ஏறியது.

வியாழக்கிழமை, வழக்கம்போல் அண்ணனுக்கு அந்த மாதத்து மாத்திரை வாங்கிக்கொண்டு நாத்தனார் வந்தாள். பீரோமேல் பழைய டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருந்தது.

"அண்ணி, என்ன இது?"

விஷயம் வெளியே வந்தது. ஒன்பது நாளாக மாத்திரை இல்லை. திங்கட்கிழமை மூன்று மாடிக் கட்டடத்தில் சாரம் ஏறி வேலை.

"மேல நிக்கும்போது இழுத்துச்சுன்னா? ராக்கெட்டாரா வந்து கீழ பிடிப்பாரு?"

"வாயைக் கழுவு! தட்டைப் பாரு முதல்ல. முளைச்சிருக்கா இல்லையா?"

நாத்தனார் பார்த்தாள். விதைப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பதினாலு வருட வேலை. நூறு விதையை ஈரத்தாளில் பரப்பி, சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தது என்று எண்ணி எழுதுவது. விதைமேல் அவளுக்குப் பக்தி கிடையாது, எண்ணிக்கைதான்.

"சரி, ஒண்ணு முளைச்சிருக்கு. முளைக்காத அந்த மண் விதையை யாரு குடுத்தா?"

"அவருதான்."

"நம்ம சமையலறை டப்பாவுல இருக்கிற பயறும் பூமியில விளைஞ்சதுதானே? அதை ஏன் யாரும் ஊறவெச்சுப் பாக்கல?"

அண்ணிக்குக் கோபம்தான் வந்தது. நாத்தனார் டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து இன்னொரு தட்டில் ஈரத்துணியில் வைத்தாள். சனிக்கிழமை அதுவும் முளைத்தது. விண் விதை முளைத்தபோது இருந்ததைவிட ஒரு சுற்று வாட்டசாட்டமாகவே முளைத்தது.

"அது பக்கத்துலயே வெச்ச இல்ல? விண் விதைக் காத்து பட்டிருக்கும்" என்றாள் அண்ணி.

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிறமாதிரி நடிப்பவனை எழுப்ப முடியாது என்பார்கள். அண்ணி நடிக்கவில்லை, பயந்திருந்தாள். புருஷன் இனி ஆயுசுக்கும் மாத்திரை தின்ன வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று நாலு வருடமாக ஏங்கியவள் அவள். அதனால் நாத்தனார் திட்டவில்லை. "நாளைக்குக் கொட்டகைக்கு நானும் வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. ராக்கெட்டார் ஜாடியைத் தூக்கும் நேரம் பார்த்து நாத்தனார் எழுந்தாள்.

"ஐயா, ஒரு மண் விதைப் பொட்டலம் குடுங்க."

"மண் விதை எதுக்கும்மா? விண் விதையைக் கேளு, அள்ளித் தரேன்."

"சோதிச்சுப் பாக்கச் சொன்னீங்களே!"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கொடுக்காமல் முடியுமா? கொடுத்தார். அவள் அதை ஒரு தம்ளர் தண்ணீரில் கொட்டி அலசினாள். செம்மண் கரைந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

'நறுக்' என்றது. பச்சையான பயறு பல்லுக்கு இப்படியா வசப்படும்?

மிச்சத்தை முன்வரிசைகளுக்குக் கொடுத்தாள். நறுக், நறுக், நறுக். வக்கீல் இரண்டாவது தடவையும் கை நீட்டினார். "உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றார்.

"வறுத்த பயறு" என்றாள் நாத்தனார். "வறுத்தது எந்த ஊர்லயும் முளைக்காது. வறுக்காதது எல்லா ஊர்லயும் முளைக்கும். இதுல ஒண்ணுகூட வானத்துக்குப் போகலைங்க. பாதி மட்டும் வாணலிக்குப் போயிருக்கு!"

ராக்கெட்டார் சளைக்கவில்லை. "பூமி வரவர சூடாயிட்டு வருது. அதுல மண் விதை தானாவே வறுபட்டிருக்கும்!" என்றார். சிலர் தலையாட்டவும் செய்தார்கள். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

"அப்ப நிஜமாவே விதை யாரும் மேல அனுப்பினதே இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அனுப்பியிருக்காங்க. திரும்பி வந்ததையும், கூடவே கீழ இருந்த அதே ரகத்தையும் விதைச்சு எண்ணிப் பாத்தாங்க. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முளைக்குது. அங்க கதிர்வீச்சு அதிகம், அதனால சில விதை அடி வாங்கும், முளைக்கத் தாமதமாகும். சிலதுல மாற்றம் வரும், அது நல்லதா கெட்டதான்னு வளர்த்துப் பாத்தாத்தான் தெரியும். ஆனா எந்தப் பயறும் மேல போய் டாக்டருக்குப் படிச்சுட்டு வரல."

சிரிப்பு அடங்கும்போது தையல்காரம்மா எழுந்து நின்றாள்.

"அந்த உடுப்பு நான் தைச்சது" என்றாள். "கார் மூடுற துணி. தைக்கும்போதே தெரியும். தெரிஞ்சும் நம்பினேன். இந்த ஆளு பேச்சைக் கேட்டு என் புருஷன் மாத்திரையை நிறுத்தினேன். நாளைக்குச் சாரத்துல ஏறப் போறாரு."

பின்வரிசையில் ஒருத்தி, "நான் எங்கப்பாவுக்கு சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டேனே!" என்று வாசலுக்கு ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். கலவரத்தில் ராக்கெட்டார் திரைக்குப் பின்னால் நழுவினார். கதவு ஆணியில் மாட்டி நாற்பத்திரண்டு அங்குல இடுப்பு கிழிந்தது. உள்ளூர்ப் போலீஸ்காரர் அந்தக் கிழிசலைப் பிடித்துத்தான் ஆளைப் பிடித்தார்.

தையல்காரம்மா எதற்கும் நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடி, பீரோமேல் இருந்த டப்பாவை எடுத்து, புருஷனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் திட்டிவிட்டு மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். இப்போதைக்குச் சாரம் கூடாது, தரையில் நின்று செய்கிற வேலைதான் என்றார். பெயிண்டர் இன்றைக்கும் சுவரின் கீழ்ப்பாதிக்கு வர்ணம் அடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறார்.

கொட்டகை மறுபடி பூட்டப்பட்டது. வேறொரு ஊரில் வேறொருவர் வேறொரு ஜாடியோடு கிளம்பியிருப்பார். அவர் கொடுக்கிறதைத் தலையில் வைத்துக் கும்பிடுவதற்கு முன் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். வறுத்த பயறு முளைக்காது. வறுக்கக் கொடுத்த மூளையும் அப்படித்தான்.