கூரை மேல் ஒரு வெந்நீர்த் தொட்டி

மோரா, நியூ மெக்சிகோ
அக்டோபர் கடைசி வாரம்

மதிப்பிற்குரிய மச்சான் பெனிக்னோ அவர்களுக்கு,

ஹிலாரியோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை எலோய்சாவும் நாயும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க ஆண்டவர் அருள்புரியட்டும். நலம் என்று எழுதியது கடிதத்துக்காகத்தான். உண்மையில் எலோய்சா பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பிக்கப் வண்டியோடு வருவீர்களாம், குளிர்காலம் முழுக்க உங்கள் மாடியறையில்தான் இருக்கப்போகிறாளாம். மச்சான், உங்கள் காலில் விழுகிறேன், அந்த அறையில் இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். எலி குடியேறிவிட்டது என்றாலும் சரி.

எல்லாம் வெந்நீரால் வந்த வினை. நீங்கள் குழாய் வேலையிலேயே பழுத்தவர், சிரிக்காமல் படிக்க வேண்டும். பள்ளி பஸ் ஓட்டுவதை விட்டு வீட்டில் உட்கார்ந்ததும், இந்த ஊர் வெயில் இப்படி வீணாகப் போகிறதே, நாம் கேஸ்காரனுக்கு அழுதுகொண்டிருக்கிறோமே என்று தோன்றியது. பழைய ஹீட்டர் ஒன்றை இரும்புக்கடையில் வாங்கி, உள்தொட்டியை மட்டும் உரித்தெடுத்து, கறுப்பு பெயிண்ட் அடித்து, மரப்பெட்டிக்குள் படுக்கவைத்துக் கண்ணாடியால் மூடிக் கூரையில் வைத்தால் போதும், தண்ணீர் தானாகச் சுடும். கண்ணாடிக்கு ஊரெல்லாம் அலைந்தேன். கடைசியில் அளவு கச்சிதமாக அமைந்தது எங்கள் படுக்கையறை ஜன்னல்தான். கழற்றிக்கொண்டு அந்த இடத்தில் பலகை அடித்தேன்.

"இனிமே விடிஞ்சுதா இல்லையான்னு நான் யாரைக் கேக்கறது, கோழியையா?" என்றாள் எலோய்சா.

"கோழி தப்பா சொல்லாதும்மா" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் கூரை முனகியது. எங்களுடையது மண் கூரை அல்லவா, ஒரு கை மண் உதிர்ந்து நேராக பீன்ஸ் பானைக்குள் விழுந்தது. அதையும் பொறுத்துக்கொண்டாள். பிறகு குழாய்களை இணைத்தபோது ஒரு சின்னக் குளறுபடி. வெந்நீர்க் குழாயைக் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்குக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. குளியலறையில் பச்சைத்தண்ணீர், கழிப்பறையில் ஆவி. அன்று பார்த்து பாதிரியார் கிரெசென்சியோ சாப்பிட வந்திருந்தார். உள்ளே போனவர் போன வேகத்தில் வெளியே வந்தார்.

"ஹிலாரியோ, நரகத்தைப் பத்தி இத்தனை வருஷமா பிரசங்கம் பண்றேன், அதோட ஆவி உன் வீட்லதான்யா எனக்குப் பட்டுது!" என்றார்.

எலோய்சா சிரித்தாள். அவள் சிரித்தது அதுதான் கடைசி. முதல் உறைபனியில் குழாய் வெடித்து, விடியற்காலையில் தண்ணீர் கூரை வழியாகப் படுக்கையில் இறங்கியது, அதுவும் அவள் பக்கமாகவே. என் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை, அதுவே பெரிய குற்றமாகிவிட்டது. உடனே குழாய்க்கெல்லாம் கம்பளி சுற்றினேன் (அவளுடைய ஸ்வெட்டர்தான், பழசு என்று நினைத்தேன்). இப்போது மத்தியானம் கை வைக்க முடியாத சூடு வருகிறது. ராத்திரி சாப்பாட்டுக்குள் ஆறிப்போகிறது.

"சூடா இருக்கும்போதே குளிச்சிரேன் எலோய்சா."

"மத்தியானம் ரெண்டு மணிக்கு யாருங்க குளிப்பா? கைக்குழந்தைதான் குளிக்கும்!" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இறுக்கி மூடினாள்.

மச்சான், ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இல்லாத வீட்டில் தொட்டி நிறைய வெந்நீர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எனக்கு ஒரு வாரம் மட்டும் வாங்கிக் கொடுங்கள். பொழுது சாய்ந்ததும் கண்ணாடி மேல் கெட்டியாக ஒரு மூடி போட்டுவிட்டால் காலைவரை சூடு நிற்கும். மூடிக்கும் பலகை தேடிவிட்டேன். சமையலறைக் கதவு அளவு சரியாக இருக்கிறது.

அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டுக் குழாய்கள் எந்தக் குளிரிலும் வெடிக்காதிருக்க மாதாவை வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மைத்துனன்
ஹிலாரியோ

பின்குறிப்பு: அண்ணா, எலோய்சா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தார், கவரை ஒட்ட மறந்துவிட்டார். நான் வெந்நீருக்காகக் கிளம்பவில்லை. அடுப்பில் ஒரு பானை தண்ணீர் காய்ச்ச எனக்குத் தெரியாதா? பஸ் ஓட்டின காலத்திலாவது சாயங்காலம் வீட்டுக்கு வருவார். ஓய்வு பெற்றால் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும் என்று நினைத்தேன். வசந்தகாலத்திலிருந்து என்னோடு உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்கவில்லை, எப்போது பார்த்தாலும் கூரையில்தான். இன்று மத்தியானம் அவர் சமையலறைக் கதவை அளந்துகொண்டிருந்தபோது சத்தமில்லாமல் போய்க் குளித்தேன். நல்ல சூடு அண்ணா, முழங்கால் வலிகூடக் குறைந்தது. அவரிடம் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றால் தெருவுக்கே செய்து தரக் கிளம்பிவிடுவார், மோசம் என்றால் மறுபடி மேலே ஏறுவார். துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பிக்கப்போடு கட்டாயம் வாங்க. நீங்க கொண்டுபோக வேண்டியது என்னை அல்ல, ஏணியை.