நாற்காலிக்காக ஒரு வயிறு

ஊழியர் நலனுக்காகவே உயிர் வாழும் அலுவலகம் ஒன்று இந்தப் பூவுலகில் உண்டென்றால், அது மலையண்ணன் வேலை பார்க்கும் அலுவலகம்தான். வேறெங்கே ஒரு சாதாரண கோப்பறை எழுத்தரின் வயிற்றுக்காக மூன்று மணி நேரம் கூட்டம் போடுவார்கள்?

நடந்தது இதுதான். பதினான்கு வருஷமாக முனகிக்கொண்டிருந்த மலையண்ணனின் நாற்காலி, மேலிடத்து அதிகாரி பார்வையிட வந்த அன்று பார்த்துக் காலை மடக்கிவிட்டது. பெயருக்கேற்ற பருமனுள்ள மலையண்ணன் கோப்புகளின் மேல் விழுந்தார். அடி ஒன்றுமில்லை, மானம்தான் போயிற்று. மறுநாளே 'ஆசன நெருக்கடிக் குழு' கூடியது.

"புதுசா ஒண்ணு வாங்கிட்டா என்ன?" என்றார் மேலாளர்.

கொள்முதல்காரர் பதறிப்போனார். "ஐயையோ சார்! மூணு இடத்துல விலை கேக்கணும், தலைமை அலுவலகம் சரின்னு சொல்லணும். ரெண்டு வருஷம் ஆயிடும்."

நலவாழ்வு அதிகாரி தொண்டையைச் செருமினார். பதவி புதுசு, வேகமும் புதுசு. "எடை குறைக்கிற ஆபரேஷன்னா, மருத்துவத் திட்டத்துல உங்க ஒரு கையெழுத்து போதும் சார்."

குழு உருகிப்போனது. நாற்காலியை மாற்றுவதைவிட ஆளைச் சுருக்குவது சுலபம் என்ற பேருண்மை ஏகமனதாக நிறைவேறியது. மலையண்ணனுக்கு உட்கார நாற்காலி இல்லாததால் அவரைக் கூட்டத்துக்கு அழைக்க முடியவில்லை.

செய்தி கேட்டு அவருக்கு வயிற்றைக் கலக்கியது. கலங்குவதற்காவது இன்னும் முழுசாக இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டார். "நல்லா இருக்கிற வயித்த எதுக்குங்க வெட்டணும்?" என்று மனைவி அழுதாள். அவருக்கும் அதே பயம்தான். ஆனால் ஆணை ஆணையாயிற்றே!

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "இரைப்பையில முக்கால்வாசிய எடுத்துருவோம். எடுத்தா எடுத்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. முதல்ல சில வாரம் தண்ணியா குடிக்கிறதுதான் சாப்பாடு. அப்புறம் ஆயுசுக்கும் சத்து மாத்திரை, ரத்தப் பரிசோதனை. தேவைப்படறவங்களுக்கு இது பெரிய வரம்தான். உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இல்லீங்க."

"பிரஷர்? மூட்டு வலி? தூக்கத்துல மூச்சுத் திணறல்?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"நாற்காலி உடைஞ்சுபோச்சுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இது உங்க உடம்பு. நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போடாம யாரும் கத்தி வைக்க முடியாது. உங்களுக்கு இது வேணுமா?"

இத்தனை நாளில் அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள் டாக்டரம்மாதான். மலையண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேண்டாம் டாக்டர்."

டாக்டரம்மா மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 'உறுதியான நாற்காலி, ஒன்று. உடனடியாக.'

மருந்துச் சீட்டாயிற்றே! மருத்துவத் திட்டத்தில், ஒரே கையெழுத்தில், நான்காம் நாள் நாற்காலி வந்து இறங்கியது. சுழலும், சாயும், கைப்பிடியில்கூட மெத்தை. மலையண்ணன் ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"பதவி மூப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றபடி மேலாளர் அதில் அமர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார். அமர்ந்ததும் போட்ட முதல் கையெழுத்து, மலையண்ணனின் ஆபரேஷனுக்கான ஒப்புதல். மலையண்ணன்தான் இன்னும் நின்றுகொண்டிருந்தாரே, நெருக்கடி தீரவில்லையே!

"நீங்க நிக்கிறதப் பாத்தா மனசு தாங்கலண்ணே," என்று மேலாளர் சம்மதப் படிவத்தை நீட்டினார். "விட்டுப்போன இடத்த நிரப்பி, கையெழுத்துப் போட்டுடுங்க."

படிவத்தில் ஓரிடம் காலியாக இருந்தது. 'அகற்ற வேண்டியது' என்று அச்சிட்டிருந்தது. மலையண்ணன் அவசரப்படவில்லை. நின்றபடியே கையெழுத்தைப் போட்டுவிட்டு, காலியிடத்தில் முத்துமுத்தாக எழுதினார்:

'புது நாற்காலியில் உட்கார்ந்திருப்பது.'